காலின் பலத்தை அளந்த சர்க்கஸ் வீரர்

மைதானத்தில் பையன்கள் கால்பந்து ஆடுகிறார்கள். ஒருவன் ஓங்கி உதைக்கிறான். பந்து பறக்கிறது. இன்னொருவன் உதைத்தால், பந்து பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. இருவருக்கும் வயது 13தான். அப்படியானால், இரண்டாவது பையன் ஆட்டத்துக்கு உதவாதவனா?

அவசரப்படக் கூடாது. முதலில் காலின் பலத்தை அளந்து பார்க்க வேண்டும். அதற்கு எளிய வழி ஒன்றைக் காட்டியவர், டட்லி சார்ஜென்ட் என்ற அமெரிக்க டாக்டர்.

சர்க்கஸ் பையன்

1849-ம் ஆண்டு, அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் அவர் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். உடற்பயிற்சி என்றால் அவருக்கு உயிர். கரணம் போடப் பழகினார். சில காலம் சர்க்கசிலும் வித்தை காட்டினார்.

1869-ல் ஒரு கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்தைக் கவனிக்கும் வேலை கிடைத்தது. அங்கே வேலை பார்த்துக்கொண்டே படித்து, பட்டம் பெற்றார். பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். 1878-ல், சர்க்கஸ் பையன் டாக்டர் ஆனார்!

அடுத்த ஆண்டே ஆர்வர்டு பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அங்குள்ள உடற்பயிற்சிக் கூடத்துக்கு அவர் தலைவர் ஆனார். 1919 வரை, 40 ஆண்டுகள் அந்தப் பணியில் இருந்தார்.

ஆளுக்கு ஒரு பயிற்சி

பலசாலிகளை மேலும் பலசாலி ஆக்குவது அவர் நோக்கம் அல்ல. மெலிந்த மாணவனும் தேற வேண்டும் என்று அவர் எண்ணினார். எனவே, மாணவர்களை ஒவ்வொருவராக அளந்தார். உயரம், எடை, மார்பு, தொடை என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

கால் பலத்தை அளக்க ஒரு கருவி இருந்தது. மாணவன் முழங்காலை மடக்கி ஒரு பலகை மீது நிற்பான். கருவியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, காலை நிமிர்த்துவான். எவ்வளவு பலத்துடன் இழுத்தான் என்பதைக் கருவி காட்டிவிடும்.

எந்த உறுப்பு பலவீனமாக இருக்கிறதோ, அதற்கு ஏற்ற பயிற்சியை டாக்டர் எழுதிக் கொடுத்தார். கப்பியும் எடையும் கொண்ட பயிற்சி இயந்திரங்களையும் செய்தார். எடையை ஆளுக்குத் தகுந்தபடி கூட்டலாம், குறைக்கலாம்.

ஒரே ஒரு குதி

1921-ல், 70 வயதைக் கடந்த பிறகு, அவர் மிக எளிய சோதனை ஒன்றை வெளியிட்டார். அதற்கு இயந்திரம் வேண்டாம். நின்ற இடத்திலிருந்து நேராக மேலே குதிக்க வேண்டும். எவ்வளவு உயரம் எழும்பினான் என்று அளக்க வேண்டும். அவ்வளவுதான்!

குதிக்கும்போது, கால்கள் நம் உடம்பின் பாரம் முழுவதையும் வேகமாகத் தூக்குகின்றன. எனவே, குதித்த உயரம் காலின் வேகமான பலத்தைக் காட்டிக் கொடுக்கிறது. உயரம், எடை இரண்டையும் சேர்த்தே அவர் கணக்குப் பார்த்தார்.

1924-ல் சார்ஜென்ட் காலமானார். ஆனால், 'சார்ஜென்ட் குதி' என்ற பெயர் நிலைத்தது. இளம் கால்பந்து வீரர்களை இன்றும் பயிற்சியாளர்கள் குதிக்கச் சொல்லி அளக்கிறார்கள்.

சுவரில் ஒரு கோடு

ஒரே வயதுப் பையன்கள் ஒரே சமயத்தில் வளர்வதில்லை. ஒருவன் 12 வயதில் மளமளவென்று வளர்கிறான். இன்னொருவன் 15 வயதில்தான் வளரத் தொடங்குகிறான். பெரும்பாலும் முதலில் உயரம் கூடும். பலம் பிறகுதான் வந்து சேரும்.

ஆகவே, அந்த இரண்டாவது பையனை ஒதுக்கிவிட வேண்டாம். அவன் விரலில் சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்து, சுவர் ஓரமாக நிறுத்துங்கள். கையை உயர்த்தி, எட்டும் இடத்தில் ஒரு கோடு போடட்டும். பிறகு குதித்து, இன்னொரு கோடு போடட்டும். இடைவெளியை அளந்து, தேதியுடன் எழுதி வையுங்கள். சில மாதம் கழித்து மறுபடியும் அளந்து பாருங்கள். அடுத்த வீட்டுப் பையனின் கோட்டைப் பார்க்க வேண்டாம். அவனுடைய பழைய கோட்டைப் பார்த்தால் போதும்.