பிரீசரில் பனி ஏன் கட்டுகிறது? கடன் சிறை வரை போன ஐஸ் வியாபாரியின் கதை

பிரிக்பீல்ட்ஸ் வாடகை அறையில் இருக்கும் அந்த ஒற்றைக் கதவு பிரிட்ஜைக் கொஞ்சம் திறந்து பாருங்க. பிரீசர் சுவரெல்லாம் வெள்ளையாகப் பனி படிந்து, போன மாதம் கிள்ளான் பாசாரில் வாங்கிய மீன் பொட்டலம் அதற்குள் புதைந்து கிடக்கிறதா? பிரிட்ஜ் அதிகமாகக் குளிர்கிறது என்று நினைத்துப் பலர் குமிழைத் திருகிக் குறைத்துவிடுகிறார்கள். உண்மையான குற்றவாளி வெளியே இருக்கிறது: நம் ஊரின் ஈரக் காற்று.

இந்தக் காற்றோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் ஃபிரெடெரிக் டியூடர். சென்னைக்குப் போயிருந்தால், மெரினா கடற்கரைக்கு எதிரே வட்டமாக ஒரு கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆனால் அந்த வட்டாரத்தை மக்கள் இன்னமும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் சொல்கிறார்கள். அதற்குக் காரணம் இவர்தான்.

டியூடர் 1783-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். குளிர்காலத்தில் அங்குள்ள குளங்கள் உறைந்துபோகும். அந்த ஐஸை வெட்டி வெயில் நாடுகளுக்குக் கப்பலில் அனுப்பினால் என்ன என்று யோசித்தார். ஊரே சிரித்தது. 1806-இல் கரீபியத் தீவான மார்டினிக்குக்கு முதல் கப்பலோடு அவரே போனார். ஐஸ் போய்ச் சேர்ந்தது. ஆனால் இறக்கி வைக்க அங்கே கிடங்கு இல்லை. கண் முன்னாலேயே சரக்கு உருகியது, பெரும் நஷ்டம். அடுத்து கடன்மேல் கடன். 1812-லும் 1813-லும் கடனாளி என்று சிறைக்குப் போக வேண்டியதாயிற்று.

வேறொருவராக இருந்தால் அதோடு தலைமுழுகியிருப்பார். இவர் 1815-இல் கியூபாவின் ஹவானாவுக்குப் போனார். இரட்டைச் சுவர் வைத்துக் கிடங்கு கட்டி, சுவர்களுக்கு நடுவே எதை அடைத்தால் ஐஸ் குறைவாக உருகுகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். வடியும் தண்ணீரைக்கூட அளந்து பார்த்தார். பிற்பாடு, மர ஆலைகளில் கழித்துப் போடும் மரத்தூள் அவருக்குப் பெரிய துணையானது.

காற்றை அடைப்பது ஏன் அவ்வளவு முக்கியம்? நீராவி தண்ணீராக மாறும்போது தன்னிடமுள்ள வெப்பத்தை விட்டுவிடுகிறது. 1 கிராம் நீராவி ஐஸ்மேல் படிந்தால், அந்த வெப்பமே சுமார் 7 கிராம் ஐஸை உருக்கிவிடும். வெயிலைவிட ஈரம் மோசமான எதிரி என்று சொன்னால் தப்பில்லை.

1833 மே மாதம் டஸ்கனி என்ற கப்பல் 180 டன் ஐஸோடு கல்கத்தாவுக்குக் கிளம்பியது. நான்கு மாதப் பயணம், பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்ட வேண்டும். போய்ச் சேர்ந்தபோது ஏறக்குறைய 100 டன் மிஞ்சியிருந்தது! அதே காலகட்டத்தில் காபிக் கொட்டை ஊக வணிகத்தில் இறங்கி 2 லட்சம் டாலருக்கு மேல் இழந்தார். அந்தக் கடனை அடைக்க இந்திய ஐஸ் வியாபாரம்தான் கைகொடுத்தது. 1842 வாக்கில் சென்னைக் கிடங்கு எழுந்தது. 1864-இல் டியூடர் இறந்தார். அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் சென்னையிலேயே இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். கிடங்கு ஒரு வழக்கறிஞர் கைக்குப் போய் வீடானது. 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கினார்.

சரி, உங்க பிரீசருக்கு வருவோம். 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் உள்ள கோலாலம்பூர் காற்றில், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். மைனஸ் 18 டிகிரியில் காற்றால் தாங்க முடிவது 1 கிராம் அளவுதான். மிச்சமெல்லாம் சுவரில் பனியாகப் படியும். 50 லிட்டர் பிரீசரைத் திறந்து உள்ளே இருந்த காற்று முழுக்க மாறினால், ஒவ்வொரு தடவையும் 1 கிராமுக்குச் சற்று மேல். தினம் பத்து தடவை என்றால் மாதக் கடைசியில் கால் கிலோவைத் தாண்டிவிடும். அந்தப் பனி போர்வை மாதிரி குளிரை மறைப்பதால் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும், கரண்ட் பில்லும் ஏறும்.

ரப்பர் விளிம்பு தளர்ந்திருந்தால் கதவு மூடியிருந்தாலும் காற்று நுழைந்துகொண்டே இருக்கும். ஒரு தாளை விளிம்பில் வைத்துக் கதவைச் சாத்துங்க; இழுத்ததும் சுலபமாக வந்தால் இறுக்கம் போதவில்லை. முதலில் ரப்பரைச் சோப்பு நீரில் துடைத்துப் பாருங்க, சில நேரம் ஒட்டிய அழுக்குதான் காரணம். அம்மா கொடுத்துவிட்ட குழம்பை ஆறவைத்து, மூடி போட்டு வையுங்க. சூடான குழம்பின் ஆவியும் பனிதான்.

பனி அரை சென்டிமீட்டர் தடிப்புக்கு வந்துவிட்டால் பிளக்கைப் பிடுங்கி, துண்டு விரித்து, தானாக உருக விடுங்க. கத்தியால் மட்டும் குத்தாதீங்க. சுவருக்குப் பின்னால் ஓடும் வாயுக் குழாய் ஓட்டையானால், பழுது பார்க்கும் செலவுக்குப் புது பிரிட்ஜே வாங்கிடலாம்.