பாபு ஜெகஜீவன்ராம் - வாழ்வும் தொண்டும்

நம் கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலரில் இடம்பெறத் தக்க சான்றோர் பலர் உளர். அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையை நம் இளைஞர் ஓரளவேனும் அறிவர். அவரோடு விடுதலை இந்தியாவின் முதல் அமைச்சரவையில் அமர்ந்திருந்த மற்றொரு தாழ்த்தப்பட்ட குலத் தோன்றலின் வரலாறு அத்துணை அறியப்படவில்லை. பீகார் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, கல்வி ஒன்றையே கைக்கோலாகக் கொண்டு, நாட்டின் துணைப் பிரதமர் பதவி வரை உயர்ந்த பாபு ஜெகஜீவன்ராம் அவர்களே அப்பெருமகனார். அவர்தம் வாழ்வின் வெற்றிகளோடு, எய்தாமற் போனவற்றையும் சேர்த்து அறிந்து கொள்வது நம் கடமையாகும்.

பிறப்பும் இளமையும்

1908-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், பீகாரின் ஆரா நகரை அடுத்த சந்துவா என்னும் ஊரில் ஜெகஜீவன்ராம் பிறந்தார். தோல் தொழிலுக்குரியோர் என்று ஊரார் ஒதுக்கி வைத்த சமார் குலம் அவர்தம் குலம். தந்தையார் சோபிராம் ஆங்கிலேயர் படையில் பணியாற்றியவர். பின்னர் அப்பணியை விட்டு விலகி, ஊரில் நிலம் வாங்கிக் குடியமர்ந்தார். சிவநாராயணி என்னும் சமய நெறியைச் சார்ந்து, அந்நெறியினர் போற்றும் துறவுத் தலைவராகவும் விளங்கினார். அழகுற எழுதும் கைவண்ணமும் அவருக்கு உண்டு. 1914-இல் மகனைப் பள்ளியிற் சேர்த்த அவர், சிறிது காலத்திலேயே மறைந்தார். ஆறு வயதுச் சிறுவனின் படிப்பு அன்றோடு நின்றிருக்க வேண்டும். அன்னை வசந்தி தேவியார் அதனை நிற்க விடவில்லை. குடும்பத்தின் துன்பங்களுக்கிடையேயும் மகன் பள்ளி செல்வதில் அவர் உறுதியாக நின்றார்.

உடைந்த பானை

1922-இல் ஜெகஜீவன்ராம் ஆரா நகரப் பள்ளியிற் சேர்ந்தார். அங்கே மாணவர் தண்ணீர் அருந்த இரு பானைகள் இருந்தன. ஒன்று இந்துக்களுக்கு, மற்றொன்று முகம்மதியர்க்கு. தாமும் இந்துவே எனக் கருதிய அச்சிறுவர் முதற் பானையில் தண்ணீர் எடுத்துப் பருகினார். செய்தி தலைமையாசிரியரிடம் சென்றது. தீண்டப்படாதோர்க்கென மூன்றாவது பானை ஒன்று வைக்கப்பட்டது. அப்பானை உடைந்தது. மீண்டும் ஒன்று வைத்தனர், அதுவும் உடைந்தது. உடைத்தவர் ஜெகஜீவன்ராமே. இறுதியில் தனிப்பானை வைக்கும் எண்ணத்தையே பள்ளி கைவிட்டது. இழிவை ஏற்றுக்கொண்டு கல்வி பெறுவது, இழிவுக்கு அஞ்சிக் கல்வியைத் துறப்பது என்னும் இரு வழிகளே அன்று நம்மவர் முன் இருந்தன. பள்ளியை விட்டு அகலாமலே இழிவை மட்டும் அகற்றும் மூன்றாவது வழியை அவர் கண்டார்.

காசியும் கல்கத்தாவும்

1925-இல் பண்டித மதன்மோகன் மாளவியா அப்பள்ளிக்கு வருகை தந்தார். அவரை வரவேற்று உரையாற்றியவர் ஜெகஜீவன்ராம். அவ்வுரையில் உள்ளம் பறிகொடுத்த மாளவியா, காசி இந்துப் பல்கலைக்கழகத்திற் பயில வருமாறு அவரை அழைத்தார். பள்ளியிறுதித் தேர்வில் முதல் வகுப்பில் தேறிய அவர், 1927-இல் காசி சென்றார். உதவித்தொகையும் கிடைத்தது. ஆனால், விடுதியில் உடன் பயின்றோரோடு ஒப்ப உணவு கிடைக்கவில்லை. நகரத்து நாவிதர் அவருக்கு முடி திருத்த மறுத்தனர். தம் இனத்து நாவிதர் ஒருவர் வெளியூரிலிருந்து எப்போதேனும் வந்தால்தான் உண்டு. தகுதி பார்த்து உள்ளே அழைத்த இடம், சாதி பார்த்து ஒதுக்கி வைத்தது. அங்கே இடைநிலைத் தேர்வில் தேறிய பின், அவர் கல்கத்தா சென்று 1931-இல் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார்.

கல்கத்தாவில் ஆலைத் தொழிலாளர் நடுவே அவர் தொண்டு தொடங்கிற்று. 1928-இல் அவர் கூட்டிய தொழிலாளர் பேரணி, சுபாஷ் சந்திரபோஸின் கவனத்தை ஈர்த்தது. 1934-இல் பீகாரை உலுக்கிய நிலநடுக்கத்தின்போது துயர்துடைப்புப் பணியில் முழுமூச்சாக ஈடுபட்டார்.

அரசியல் வாழ்வு

1935-இல் அகில இந்தியத் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் சங்கம் தோன்றுவதற்கு அவர் காரணராய் இருந்தார். அவ்வாண்டிலேயே இராஞ்சியில் ஹாமண்டு குழுவின்முன் தோன்றி, தாழ்த்தப்பட்டோர்க்கு வாக்குரிமை வேண்டுமென எடுத்துரைத்தார். 1936-இல், இருபத்தெட்டாம் வயதில், பீகார் மேலவை உறுப்பினரானார். அன்று தொடங்கிய சட்டமன்ற, நாடாளுமன்ற வாழ்வு, 1986-இல் அவர் மறையும் வரை ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. விடுதலைப் போராட்டத்தில் 1940-இலும் 1942-இலும் சிறை ஏகினார்.

அண்ணல் அம்பேத்கரின் பாதையும் இவர் பாதையும் ஒன்றல்ல என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. அண்ணல், காங்கிரசுக்குப் புறம்பே நம் மக்களுக்கெனத் தனி அமைப்புகளைக் கண்டார். இவரோ காங்கிரசின் உள்ளிருந்தே உரிமை பெற இயலும் என நம்பினார். இக்காரணம் பற்றி இவரைக் குறை கூறினோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். எனினும், ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்ந்த பணியும் ஒன்று உண்டு. அது தொழிலாளர் துறை.

தொழிலாளர் அமைச்சர்

1942 முதல் 1946 வரை வைசிராய் அவையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தவர் அம்பேத்கர். 1946 செப்டம்பர் 2-ஆம் நாள் நேரு தலைமையில் இடைக்கால அரசு அமைந்தபோது அத்துறையை ஏற்றவர் ஜெகஜீவன்ராம். முப்பத்தெட்டே வயதான அவர், அவ்வரசில் அனைவரினும் இளைய அமைச்சர். 1947 ஜூலையில் ஜெனீவா தொழிலாளர் மாநாட்டிலிருந்து திரும்பும் வழியில் பாஸ்ரா அருகே அவர் வந்த விமானம் விபத்துக்குள்ளானது; உயிர் பிழைத்தார். அடுத்த மாதமே விடுதலை இந்தியாவின் அமைச்சரவையில் இடம்பெற்றார். 1950-இல் அனைத்துலகத் தொழிலாளர் மாநாட்டிற்குத் தலைமை தாங்கும் சிறப்பும் அவரைத் தேடி வந்தது.

1947-இல் தொழிற்தகராறுச் சட்டம், 1948-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், அவ்வாண்டிலேயே தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், தொழிற்சாலைச் சட்டம், 1952-இல் வருங்கால வைப்புநிதிச் சட்டம் ஆகியன அவர் அத்துறையில் இருந்த காலத்தில் நிறைவேறியவை. புதுச்சேரி மக்களாகிய நமக்கு இவற்றின் அருமை நன்கு விளங்கும். 1936 ஜூலை 30-ஆம் நாள் நம் நகரத்துப் பஞ்சாலைத் தொழிலாளர் பன்னிருவர் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக்கு இரையாகியே எட்டு மணி நேர வேலை உரிமைக்கு வழி திறந்தனர். 1954-இல் இந்நிலம் இந்தியாவோடு இணைந்த பின்னர், மேற்கூறிய சட்டங்கள் நம் ஆலைகளுக்கும் நீண்டன. ஆலைச் சங்கு கேட்டு எழுந்த நம் தந்தையரும் பாட்டன்மாரும் பெற்ற வைப்புநிதியிலும் மருத்துவ உதவியிலும் அவ்விரு தலைவர்களின் உழைப்பு கலந்துள்ளது.

இரயில்வேயும் இடஒதுக்கீடும்

1952 முதல் போக்குவரத்துத் தொடர்புத் துறையை ஏற்ற அவர் காலத்தில், 1953-இல் தனியார் விமான நிறுவனங்கள் நாட்டுடைமையாயின. 1956 நவம்பரில் தமிழகத்தின் அரியலூரில் நேர்ந்த கொடிய இரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அவ்வரும் பொறுப்பு ஜெகஜீவன்ராமிடம் வந்தது. 1962 வரை அத்துறையை அவர் நடத்தினார்.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை நம் இளைஞர் மனத்திற் பதித்துக் கொள்ள வேண்டும். வேலையிற் சேரும்போது மட்டுமன்றி, பதவி உயர்விலும் தாழ்த்தப்பட்டோர்க்கு இடம் ஒதுக்கி 1959-இல் இரயில்வே வாரியம் ஆணைகள் பிறப்பித்தது. தென்னக இரயில்வே ஊழியர் ஒருவர் சென்னை உயர்நீதிமன்றத்தில் அதனை எதிர்த்து வென்றார். வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 1961-இல் ஐந்து நீதிபதிகளுள் மூவர் அவ்வாணைகள் செல்லும் எனத் தீர்ப்பளித்தனர். கடைநிலைப் பணியாளராய்ச் சேர்ந்தவர் கடைநிலையிலேயே ஓய்வு பெற வேண்டும் என்னும் விதி அன்று தளர்ந்தது.

உணவும் பாதுகாப்பும்

1963-இல் மூத்த தலைவர்கள் பதவி துறந்து கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டுமென்ற காமராசர் திட்டத்தின்படி அவரும் பதவி விலகினார். 1966-இல் மீண்டும் அமைச்சரானார். 1967-இல் உணவு, வேளாண்மைத் துறையை ஏற்றபோது, நாடு இரு பெரும் வறட்சிகளால் நலிந்து, அமெரிக்கக் கோதுமையை எதிர்நோக்கி இருந்தது. தமிழகத்தைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம் தொடங்கி வைத்த வீரிய விதைத் திட்டத்தை இவர் தளராது முன்னெடுத்தார். 1966-67-இல் ஏறத்தாழ 7.4 கோடி டன்னாக இருந்த உணவுதானிய விளைவு, 1970-71-இல் 10.8 கோடி டன்னைத் தாண்டியது. சேற்றில் இறங்கி உழைக்கும் குலத்தில் வந்தவர் காலத்தில் நாடு பசியினின்று மீளத் தொடங்கியது பொருத்தமே.

1970-இல் பாதுகாப்புத் துறை அவரிடம் வந்தது. 1971 டிசம்பர் 3-ஆம் நாள் பாகிஸ்தானுடன் மூண்ட போர், 16-ஆம் நாள் டாக்காவில் எதிரிப்படை சரணடைந்ததோடு முடிந்தது. ஏறத்தாழ 93,000 பேர் சிறைப்பட்டனர், வங்காளதேசம் பிறந்தது. பள்ளிப் பானையைத் தொடக் கூடாதெனத் தடுக்கப்பட்டவர் நாட்டின் முப்படைகளுக்கும் அமைச்சராக இருந்து கண்ட வெற்றி அது.

நெருக்கடியும் எட்டாத பதவியும்

1975-இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அதற்கு மக்களவையின் ஒப்புதல் கோரும் தீர்மானத்தை முன்மொழிந்தவர் ஜெகஜீவன்ராமே. பேச்சுரிமையும் எழுத்துரிமையும் பறிபோன அக்காலத்தில் அவர் அமைச்சரவையிலேயே நீடித்தார். உரிமைக்காகப் பானையை உடைத்தவர் உரிமைப் பறிப்புக்குத் துணை நின்றது, அவர் வாழ்வின் மாறாத வடு. பின்னர் 1977 பிப்ரவரி 2-ஆம் நாள் அவர் அமைச்சரவையை விட்டு விலகி, ஜனநாயகக் காங்கிரசைத் தொடங்கினார். தேர்தல் முழங்கிய வேளையில் அவர் விலகியது, ஆளும் கட்சியின் தோல்விக்குப் பெருங்காரணங்களுள் ஒன்றாயிற்று.

வெற்றி பெற்ற அணி பிரதமரைத் தேர்ந்தபோது, அப்பதவி மொரார்ஜி தேசாயைச் சேர்ந்தது. ஜெகஜீவன்ராம் மீண்டும் பாதுகாப்பு அமைச்சராகி, 1979 ஜனவரியில் துணைப் பிரதமருமானார். அவ்வாண்டு மொரார்ஜியும், அடுத்துச் சரண்சிங்கும் பதவி விலகினர். ஜனதா கட்சியின் நாடாளுமன்றத் தலைவராக இருந்த இவரை அரசமைக்க அழைக்காமலே குடியரசுத் தலைவர் மக்களவையைக் கலைத்தார். தாழ்த்தப்பட்ட குலத்தவர் ஒருவர் நாட்டின் பிரதமராகும் வாய்ப்பு, கைக்கெட்டியும் வாய்க்கெட்டாது போயிற்று.

இதனினும் கசப்பான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1978-இல் காசியில் சம்பூர்ணானந்தரின் சிலையை அவர் திறந்து வைத்துத் திரும்பியபின், தீட்டுப்பட்டதெனச் சிலர் அச்சிலையைக் கங்கை நீரால் கழுவினர். மாணவராய் இருந்தபோது முடி திருத்த மறுத்த அதே காசி, ஐம்பதாண்டு கழித்து, நாட்டின் பாதுகாப்பு அமைச்சர் தொட்ட கல்லைக் கழுவிற்று! பதவி உயர்ந்தால் சாதி இழிவு தானே அகலும் என நம்புவோர்க்கு இஃது ஒரு பாடமாகும்.

நிறைவு

1952 முதல் 1984 வரை நடைபெற்ற எட்டுப் பொதுத்தேர்தல்களிலும் அவர் தோல்வி கண்டதில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மத்திய அமைச்சராக விளங்கினார். 1986 ஜூலை 6-ஆம் நாள், மக்களவை உறுப்பினராக இருந்த நிலையிலேயே இயற்கை எய்தினார். தில்லியில் அவர் நினைவிடம் சமத்துவத் தலம் என்னும் பொருள்பட சமதா ஸ்தல் என வழங்கப் பெறுகிறது. அவர்தம் மகளார் மீராகுமார் 2009 முதல் 2014 வரை மக்களவைத் தலைவராகப் பணியாற்றினார். அப்பதவி ஏற்ற முதற் பெண்மணி அவரே.

இளைஞர்களே! கணவரை இழந்த ஒரு தாய், மகனின் படிப்பை நிறுத்தாதிருந்ததால் நாட்டிற்கு ஓர் அமைச்சர் கிடைத்தார். இன்று நம் தெருக்களிலும், வறுமை காரணமாகப் பள்ளியை விட்டு நிற்க எண்ணும் பிள்ளைகள் உளர். அவர்களைத் தேடிச் சென்று மீண்டும் பள்ளியிற் சேர்ப்பதும், பயில்வோர்க்கு மாலை வேளையில் பாடம் சொல்லித் தருவதும் பட்டம் பெற்ற நம் ஒவ்வொருவர் கடமையாகும். அவரைப் போற்ற விழைவோர் இத்தொண்டைச் செய்வார்களாக.