மச்சு வீட்டுத் தாயார்

கானடா தேசத்து மாண்ட்ரீல் பட்டணத்தில் அந்நாளில் மே மாதம் முதல் தேதி என்றால் வீடு மாறும் நாள். வாடகைக் கெடு அன்றுதான் முடியும். தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு பாதி ஊர் தெருவில் நிற்கும். 1845-ம் ஆண்டு அந்த நாளில் 51 வயதான ஒரு விதவை சேன் சிமோன் தெருவில் ஒரு வீட்டின் மச்சுக்குக் குடிபோனார். தம் சௌகரியத்துக்காக அவர் போகவில்லை. மணமாகாமலே கருவுற்று, பெற்றோராலும் எஜமானராலும் துரத்தப்பட்ட பெண்களுக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டியே போனார். அவர்தான் ரொசாலி கத்ரோன் ஜெத்தே அம்மையார்.

ரொசாலி 1794-ம் ஆண்டு ஜனவரி 27-ம் தேதி லவால்த்ரி என்னும் கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் குடியானவர், தாயார் ஊருக்கெல்லாம் பேறுகாலம் பார்க்கும் மருத்துவச்சி. ரொசாலிக்குப் பள்ளிப் படிப்பு சொற்பமே. 17 வயதில் ஜான் மரி ஜெத்தே என்பவருக்கு வாழ்க்கைப்பட்டு 11 பிள்ளைகளைப் பெற்றார். அவர்களிற் சிலரைச் சிறு வயதிலேயே மண்ணுக்குக் கொடுத்தார். நிலம் வாங்கப் போய் மோசடியில் சிக்கிக் குடும்பம் நொடித்தது. 1827-ல் பிழைப்புக்காகப் பட்டணம் வந்தார்கள். 1832-ல் வாந்திபேதி ஊரை வாரிக்கொண்டு போனபோது கணவரும் போய்விட்டார்.

இத்தனை அடி பட்ட குடும்பத் தாய், இனியாவது பிள்ளைகளோடு நிம்மதியாயிருப்போம் என்று நினைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் ஏழை எளியவர் அவர் வீட்டைத் தேடி வருவது வழக்கமாயிற்று. குடிவெறியில் மாலுமிகள் துரத்த ஓடிவந்த ஒரு பெண்ணை உள்ளே விட்டுப் பின்வாசல் வழியாகத் தப்புவித்தார் என்று சொல்வார்கள். அவள் எப்படிப்பட்டவள் என்று அப்போது அவர் விசாரிக்கவில்லை.

அவருக்கு ஆன்ம குருவாயிருந்தவர் பூர்ஜே ஆண்டகை. 1840-ல் மாண்ட்ரீல் மேற்றிராணியாரான அவரிடம் இப்படிப்பட்ட பெண்கள் அழுதுகொண்டு வருவார்கள். கிராமத்திலிருந்து வீட்டு வேலைக்கு வந்த பெண்களின் கதி நமக்குத் தெரியாததல்ல. வேலையும் போய், ஊருக்கும் திரும்ப முடியாமல், குளிர் நாளில் தெருவில் நிற்கும் கர்ப்பிணிக்கு என்ன வழி? சிலர் பிறந்த சிசுவை எங்காவது போட்டுவிட்டு ஓடுவார்கள். மேற்றிராணியார் ரொசாலியை நினைத்தார். ஐந்து வருஷத்தில் ஏறக்குறைய 25 பெண்களுக்கு அம்மையார் இடம் தேடிக் கொடுத்தார். சொந்தப் பிள்ளைகளின் வீடுகளில்கூடக் கொண்டுபோய் வைத்தார்!

ஒவ்வொருத்தியாக இடம் தேடிக் கட்டாது என்று கண்டபின்தான் இல்லம் ஒன்று திறக்கும்படி மேற்றிராணியார் கேட்டுக்கொண்டார். இதற்கு ரொசாலி கொடுத்த விலை பெரிது. பிள்ளைகள் எதிர்த்து நின்றார்கள். தாய் இந்த வயதில், இப்படிப்பட்டவர்களோடு ஒரு மச்சில் போய்க் குடியிருப்பதா? குடும்பத்தின் பெயர் என்னாவது? அவர்களைப் பொல்லாதவர்கள் என்று நாம் எண்ணிவிட வேண்டாம். நம் வீட்டில் தாயோ தமக்கையோ இப்படிப் புறப்பட்டால் நாமும் அதையே சொல்லுவோம். ரொசாலி அழுதார், ஆனாலும் போனார்.

பாவ வாழ்வை விட்டு மனந்திரும்பிய அர்ச். பெலாஜியம்மாள் பெயரை இல்லத்துக்கு வைத்தார்கள். வந்தவளுக்கு முதலில் கூரை, சூடான கஞ்சி, படுக்க இடம். அவள் கதையைத் துருவிக் கேட்பதில்லை. பெயர் வெளியே போகாமல் காத்தார்கள். ஞான உபதேசமும் பாவசங்கீர்த்தனமும் அதன் பிறகு. பேறுகாலம் பார்ப்பவர் ரொசாலியே. தாயாரின் தொழில் மகளுக்குக் கைகொடுத்தது. சிசுவைப் போர்வைக்குள் அணைத்து ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோகையில் தெருவில் ஏச்சும் பேச்சும் கேட்கும். துன்மார்க்கத்துக்குத் துணைபோகும் வீடு என்று பக்தியுள்ள குடும்பங்களே தூற்றின. ஆதலால் தர்மப் பணமும் குறைந்தது. ரொசாலி பிச்சையெடுத்து அடுப்பெரித்தார்.

துணைக்கு வேறு சில பெண்கள் வந்து சேர, 1848-ம் ஆண்டு ஜனவரி 16-ம் தேதி எட்டுப் பேர் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். இரக்கத்தின் கன்னியர் சபை அன்று பிறந்தது. ரொசாலி தலைமைப் பதவி வேண்டாமென்றார். ஜோசபின் மாலோ கலிப்போ என்னும் சகோதரி சிரேஷ்டரானார். ஸ்தாபகியோ தம்மைவிட இளையவர்களுக்குக் கீழ்ப்படிந்து பிரசவ அறையிலேயே இருந்தார். 1849-ல் சகோதரிகள் சிலர் மருத்துவச்சிகளுக்குரிய சான்று பெற்றார்கள். கன்னியர் பிரசவம் பார்ப்பதா என்று அதற்கும் ஒரு கூச்சல்! பெற்றெடுத்த பிறகும் போக்கிடம் இல்லாமல் இல்லத்திலேயே தங்க விரும்பிய பெண்களுக்குத் தனியாக ஒரு ஏற்பாடு செய்யப்பட்டது.

இதையும் சொல்லத்தான் வேண்டும். தாய்க்கு இடம் கிடைத்தது. ஆனால் பெரும்பாலும் குழந்தை அவளோடு தங்கவில்லை. அர்ச். மார்கரீத் தியூவில் அம்மாளின் சபையார் 1754 முதல் அநாதைச் சிசுக்களை ஏற்று வந்தார்கள். பிள்ளைகளை அவர்களிடம் ஒப்புவித்தார்கள். தாய்ப்பாலில்லாத அச்சிசுக்களில் பெரும்பாலானவை ஒரு வயது காணாமலே மடிந்தன. பின்னொரு காலத்தில், 1945-க்குப் பின் வந்த ஆண்டுகளில், கானடாவில் கத்தோலிக்கரும் பிற சபையாரும் நடத்திய பிரசவ இல்லங்களில் தாய்மாரை நிர்ப்பந்தித்துக் குழந்தைகளைத் தத்துக் கொடுத்ததை அந்நாட்டு மேல்சபைக் குழு ஒன்று விசாரித்தது. அரசாங்கம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று 2018-ல் எழுதியது. கூரை கொடுத்த கை சில சமயம் குழந்தையையும் வாங்கிக்கொண்டது. ரொசாலியின் காலத்தில் மணமாகாத தாய் பிள்ளையோடு வாழ ஊர் இடங்கொடுக்கவில்லை என்பது மெய். நம் காலத்தில் அந்தச் சாக்கு செல்லாது. இன்று ஒரு பங்கு இவ்வேலையில் இறங்கினால் தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்தே வீடு பார்க்க வேண்டும். வாடகைக்கு ஜாமீன் நிற்க வேண்டும். பக்கத்தில் குடியிருந்து பிள்ளை வளர்ப்பும் கைத்தொழிலும் சொல்லித்தர ஒரு மூத்த தாய் வேண்டும்.

ரொசாலி அம்மையார் கடைசி வருஷங்களில் நோயில் வாடி, 1864-ம் ஆண்டு ஏப்ரல் 5-ம் தேதி மாண்ட்ரீலில் மரித்தார். அதற்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அவ்வில்லத்தின் வாசலை மிதித்திருந்தார்கள். 2013-ம் ஆண்டு டிசம்பரில் பிரான்சிஸ் பாப்பரசர் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். கர்ப்பமான மாணவிகளும் இளந்தாய்மாரும் படிப்பை விட்டுவிடாதபடி மாண்ட்ரீலில் ஏற்பட்ட ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.