30 ரூபாய் சம்பளக் குமாஸ்தா

காசிமேட்டில் பொழுது விடிவதற்கு முன்பே கணக்கு தொடங்கிவிடும்.

படகுகள் கரைக்கு வரும். மீன் இறங்கும். ஏலம் நடக்கும். வந்த பணத்தில் டீசல் செலவு, ஐஸ் செலவு போக மீதியைப் பங்கு பிரிப்பார்கள். கூடை எடுத்த பெண்கள் மீனைக் கூறு கட்டி வைப்பார்கள். ஒரு கூடைக்கு எத்தனை கூறு, ஒரு கூறுக்கு என்ன விலை என்று சட்டென்று சொல்வார்கள். பெருக்கலும் வகுத்தலும் அங்கே மனக்கணக்குதான்.

காசிமேட்டை அடுத்து ராயபுரம். அதைத் தாண்டித் தெற்கே போனால் சென்னைத் துறைமுகம். 1912-ம் ஆண்டு மார்ச் 1-ந்தேதி அந்தத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் ஒரு வாலிபர் வேலைக்குச் சேர்ந்தார். வயது 24. தலையில் குடுமி. நெற்றியில் நாமம். மூன்றாம் வகுப்புக் குமாஸ்தா உத்தியோகம். மாதச் சம்பளம் 30 ரூபாய்.

வேலை இல்லாத நேரத்தில் அவர் துறைமுகத்தில் காகிதம் பொறுக்குவார். கப்பலில் வந்த சரக்குகளைச் சுற்றியிருந்த காகிதம் அது. யாருக்கும் வேண்டாத அந்தக் காகிதத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுவார்.

அவர்தான் கணித மேதை ராமானுஜம்.

ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளையின் மகன்

ராமானுஜம் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந்தேதி ஈரோட்டில், தாயார் பிறந்த வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தகப்பனார் சீனிவாச அய்யங்கார் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். தாயார் கோமளத்தம்மாள் கோவிலில் பஜனை பாடுவார். சாரங்கபாணி சன்னதித் தெருவில் சிறிய வீடு. வறுமை இருந்தது.

1897-ல் நடந்த ஆரம்பப் பள்ளிப் பரீட்சையில் தஞ்சை மாவட்டத்திலேயே ராமானுஜம் முதலாவதாக வந்தார்.

சிறு வயதில் அவர் கேட்ட ஒரு கேள்வியைப் பற்றி இன்றும் சொல்வார்கள். ஆசிரியர் வகுத்தல் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 3 பழங்களை 3 பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு ஒரு பழம். 1,000 பழங்களை 1,000 பேருக்குக் கொடுத்தாலும் ஆளுக்கு ஒரு பழம்தான். ஆகவே எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் விடை 1 என்றார் ஆசிரியர். உடனே ராமானுஜம் எழுந்தார். பழமே இல்லை, அதை வாங்க ஆளும் இல்லை என்றால் அப்போதும் ஆளுக்கு ஒரு பழம் கிடைக்குமா என்று கேட்டார்!

விளையாட்டுக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். 12-ஐ 3-ஆல் வகுத்தால் 4. சரிதானா என்று அறிய 4-ஐ 3-ஆல் பெருக்குகிறோம். 12 வருகிறது. சரி. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால்? விடை 5 என்று ஒருவர் சொல்லலாம். ஐந்து பெருக்கல் பூஜ்யம், பூஜ்யம். சரியாகத்தான் வருகிறது. 7 என்று இன்னொருவர் சொன்னாலும் சரியாகவே வரும். எல்லா எண்ணும் விடையாகப் பொருந்துவதால் இதுதான் விடை என்று ஒன்றைச் சொல்ல வழியில்லை. அதனால்தான் கணித நூல்கள் பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கின்றன.

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்தபோது, பள்ளியின் கால அட்டவணை போடும் வேலையில் ஆசிரியருக்கு உதவி செய்தார். சுமார் 1,200 மாணவர்கள், 35 ஆசிரியர்கள். யாருக்கு எந்த வகுப்பு, எந்த நேரம் என்று பிரிப்பது பெரியவர்களுக்கே தலைவலியான காரியம்.

ஒரு புத்தகம் செய்த வேலை

1903-ல் கார் என்ற ஆங்கிலேயர் எழுதிய கணித நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. அதில் ஆயிரக்கணக்கான கணித உண்மைகள் வரிசையாக இருந்தன. விளக்கம் மிகக் குறைவு. ஒவ்வொன்றையும் தாமே போட்டுப் பார்த்தார் ராமானுஜம். அன்று முதல் கணிதத்தைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

பலன்? 1904-ல் கணிதத்துக்குப் பரிசு வாங்கிப் பள்ளியை முடித்தவர், கும்பகோணம் அரசினர் கல்லூரியில் ஆங்கிலத்தில் தோற்றார். உபகாரச் சம்பளம் நின்றது. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எப்.ஏ. பரீட்சையில் தோல்வி. மறுவருடமும் தோல்வி. பட்டம் இல்லை, வேலை இல்லை.

1909-ல் தாயார் அவருக்குத் திருமணம் செய்து வைத்தார். மணப்பெண் ஜானகிக்கு வயது 10. அக்காலத்து வழக்கம் அப்படி. இனி எப்படியும் சம்பாதிக்க வேண்டும் என்ற நிலை வந்தது.

கையில் கணக்கு நோட்டுடன் வேலை தேடி அலைந்தார். திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி அய்யர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். அவரிடம் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். நோட்டைப் புரட்டிய ராமசாமி அய்யர், இவரைத் தாலுகா கச்சேரியில் உட்கார வைத்தால் பாவம் என்று நினைத்து, சென்னைக்கு அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். ஆனால் பிறர் பணத்தில் காலம் தள்ள ராமானுஜத்துக்கு மனம் ஒப்பவில்லை. அதனால்தான் துறைமுகத்துக்கு மனுப் போட்டார்.

துறைமுகத்தில்

அதிர்ஷ்டம் அங்கேதான் திரும்பியது. துறைமுகத்தின் தலைமைக் கணக்கர் எஸ். நாராயண அய்யரும் கணிதம் கற்றவர். இரவு நேரங்களில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டுடன் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஓர் என்ஜினீயர். நாராயண அய்யர் சொல்லி அவரும் ராமானுஜத்தின் திறமையை அறிந்தார். குமாஸ்தா ஆபீஸ் நேரத்தில் வேறு கணக்குப் போடுகிறார் என்று சீட்டைக் கிழிக்காமல் விட்ட அதிகாரிகள் அவர்கள்.

சிலேட்டு எதற்கு? காகிதம் வாங்கக் காசு இல்லை. சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, மறுபடி போட்டு, விடையை மட்டும் நோட்டில் எழுதுவார். முழங்கை கறுத்துப்போயிருக்கும். அவர் நோட்டுகளில் விடைகள் நிறைந்தும் வழிகள் குறைந்தும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலித் தெருவில் குடியிருந்தார். தாயாரும் ஜானகியும் வந்து சேர்ந்தார்கள்.

1913 ஜனவரி 16-ந்தேதி இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜுக்கு ஒரு கடிதம் எழுதினார். பேராசிரியர் ஹார்டிக்கு. தாம் துறைமுகத்தில் கணக்குக் குமாஸ்தா என்று அறிமுகம் செய்துகொண்டு, தாம் கண்டுபிடித்தவற்றைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். முன்பு வேறு பேராசிரியர்களுக்கு எழுதியது பயன் தரவில்லை. ஹார்டியும் முதலில் ஏதோ ஏமாற்று வேலை என்றுதான் எண்ணினார். நண்பர் லிட்டில்வுட்டுடன் உட்கார்ந்து பார்த்த பிறகு, எழுதியவர் மாபெரும் மேதை என்று புரிந்துகொண்டார்.

அந்த ஆண்டே சென்னைப் பல்கலைக் கழகம் மாதம் 75 ரூபாய் உதவித் தொகை கொடுத்தது. எப்.ஏ. தேறாதவருக்கு அது பெரிய விஷயம். கடல் கடப்பது தோஷம் என்ற தடையும் மெல்ல விலகியது. தாயார் சம்மதித்தார். குடுமி போனது. 1914 மார்ச் 17-ந்தேதி, தாம் குமாஸ்தாவாக இருந்த அதே துறைமுகத்திலிருந்து நெவாசா என்ற கப்பலில் புறப்பட்டார் ராமானுஜம்.

60 மீனும் 61 மீனும்

கேம்பிரிட்ஜில் அவர் செய்த பெரிய ஆராய்ச்சிகளில் ஒன்றைக் காசிமேட்டு மீன்கூடையைக் கொண்டே புரிந்துகொள்ளலாம்.

ஒரு கூடையில் 60 சங்கரா மீன் இருக்கிறது. அதை மிச்சம் இல்லாமல் எத்தனை விதமாகச் சமக் கூறு போடலாம்? 2 கூறு போடலாம். 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30 என்றும் போடலாம். ஒரே கூறாகவும் வைக்கலாம். 60 கூறாகவும் வைக்கலாம். மொத்தம் 12 விதம். இன்னும் ஒரு மீன் சேர்ந்து 61 ஆனால்? மொத்தமாக வைக்கலாம், அல்லது ஒவ்வொன்றாக வைக்கலாம். வேறு வழி கிடையாது.

இப்படி மிச்சமின்றி வகுக்கும் எண்களைப் பள்ளியில் காரணிகள் என்று சொல்லித் தருகிறார்கள். 60-க்கு 12 காரணிகள். 1 முதல் 59 வரை எந்த எண்ணுக்கும் 12 காரணி கிடையாது. தனக்கு முன்னால் உள்ள எல்லா எண்களையும் காரணிகளில் மிஞ்சும் இத்தகைய எண்களைத்தான் ராமானுஜம் தேடினார். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அந்த வரிசை போகிறது. 120-க்கு 16 காரணிகள். 360-க்கு 24.

காரணிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. 60 என்பது 2 பெருக்கல் 2 பெருக்கல் 3 பெருக்கல் 5. இதில் 2 இரண்டு முறை வருகிறது. ஒரு காரணியில் அதை எடுக்காமல் விடலாம், ஒன்று எடுக்கலாம், இரண்டும் எடுக்கலாம். ஆக 3 வழி. 3-ஐ எடுக்கலாம், விடலாம். 2 வழி. 5-க்கும் 2 வழி. மூன்று இரண்டு ஆறு, ஆறு இரண்டு பன்னிரண்டு. கணக்கு முடிந்தது!

இந்த எண்களைப் பற்றிய அவரது நீண்ட கட்டுரை 1915-ல் லண்டனில் வெளிவந்தது. நூற்றுக்கு மேற்பட்ட எண்களை அதில் அட்டவணை போட்டிருந்தார். கடைசி எண் 67,46,32,83,88,800. அதாவது 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. அதற்குக் காரணிகள் 10,080. கணிப்பொறி இல்லாத காலத்தில் கையால் போட்ட கணக்கு இது.

இதில் ஒரு வேடிக்கை. அட்டவணையில் ஓர் எண் விட்டுப்போய்விட்டது. பின்னால் வந்தவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்த எண் 2,93,31,86,25,600. அதற்கு 5,040 காரணிகள். அட்டவணையின் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் இதுவே வரும். வீட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் நீள்வகுத்தலாகப் போடச் சொல்லிப் பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நல்ல வேலை.

இந்த ஆராய்ச்சிக்காக 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது.

டாக்சி எண் 1729

இங்கிலாந்தில் குளிர். அப்போது முதல் உலகப் போர். மரக்கறி உணவுக்குத் தட்டுப்பாடு. தாமே சமைத்துச் சாப்பிட்டார், பல நாள் நேரம் தவறி. 1917-ல் படுக்கையில் விழுந்தார். ஊரில் மாமியார், மருமகளுக்கு இடையே ஒற்றுமை இல்லை. ஜானகி எழுதிய கடிதங்கள் கணவர் கைக்குப் போய்ச் சேரவில்லை.

லண்டனில் புட்னி என்ற இடத்தில் சிகிச்சை பெற்று வந்தபோது ஹார்டி பார்க்க வந்தார். தாம் வந்த டாக்சியின் எண் 1729, அதில் விசேஷம் ஒன்றும் இல்லை என்றார். ராமானுஜம் படுத்தபடியே மறுத்தார். ஒரே எண்ணை அதே எண்ணால் இருமுறை பெருக்குவதைக் கனம் என்பார்கள். 10-ன் கனம் 1,000. 9-ன் கனம் 729. கூட்டினால் 1729. 12-ன் கனம் 1,728. 1-ன் கனம் 1. கூட்டினாலும் 1729. இப்படி இரண்டு விதமாக வரும் எண்களில் மிகச் சிறியது இதுதான் என்று விளக்கினார். காரணி கேட்டால் 7, 13, 19 மூன்றையும் பெருக்க வேண்டும்.

1918-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அந்தப் பெருமையைப் பெற்ற இரண்டாவது இந்தியர் அவர். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியும் அவரைத் தன் பெல்லோவாக ஏற்றுக்கொண்டது.

1919 ஏப்ரலில் சென்னை திரும்பினார். உடல் எலும்பும் தோலுமாக இருந்தது. காசநோய் என்று அன்றைய வைத்தியர்கள் கருதினார்கள். ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம், அது குணப்படுத்தக் கூடியதே என்று 1994-ல் ஓர் ஆங்கில டாக்டர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து எழுதினார். படுக்கையில் கிடந்தபடியே சிலேட்டும் காகிதமும் கேட்டு வாங்கிக் கணக்குப் போட்டார். பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தவர் ஜானகி.

1920 ஏப்ரல் 26-ந்தேதி சேத்துப்பட்டில் ராமானுஜம் காலமானார். வயது 32.

கடைசி ஆண்டில் எழுதிய தாள்கள் கேம்பிரிட்ஜில் ஒரு நூலகப் பெட்டியில் கிடந்தன. 1976-ல் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அவற்றைக் கண்டெடுத்தார். ஜானகி அம்மாள் தையல் கற்று அதில் பிழைத்தார். திருவல்லிக்கேணியில் பல ஆண்டுகள் வாழ்ந்து 1994-ல் மறைந்தார்.

ஜார்ஜ் டவுனில் முத்தியால்பேட்டை ஹைஸ்கூலில் கணித ஆசிரியராக இருந்தவர் பி.கே. சீனிவாசன். ராமானுஜத்தின் கடிதங்களையும், அவரை நேரில் அறிந்தவர்களின் நினைவுகளையும் தேடித்தேடிச் சேர்த்து 1968-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். பிறகு 1993-ல் ராமானுஜம் பெயரில் ஒரு காட்சிசாலையும் கணிதக் கல்வி நிலையமும் அமையக் காரணமாக இருந்தார். அதற்கு அமைந்த இடம் ராயபுரம். காசிமேட்டிலிருந்து நடந்தே போய்விடலாம்.