புயலை முன்னறிவித்த குரு

ஐப்பசி பிறந்துவிட்டால் நன்னிலம் பகுதியில் நம் கண்கள் வானத்தையே நோக்குகின்றன. வயலில் இளம் சம்பாப் பயிர். அருகில் நிரம்பி ஓடும் வாய்க்கால். இரவில் இடியோடு இரண்டு மணி நேரம் மழை கொட்டினால் போதும், வயலும் தெருவும் ஒன்றாகிவிடும். முன்பே தெரிந்திருந்தால் என்று ஏங்காதவர் நம்மில் யார்? அந்த ஏக்கத்திற்கு இந்திய மண்ணில் விடை தேடிய முன்னோடிகளுள் ஒருவர் அருட்தந்தை யூஜின் லாஃபோன்.

1837இல் பெல்ஜியம் நாட்டின் மான்ஸ் நகரில் பிறந்த அவர், இயேசு சபையில் சேர்ந்து, 1865இல் கல்கத்தா வந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான், 1864 அக்டோபர் 5 அன்று, அந்நகரைப் பெரும்புயல் தாக்கியிருந்தது. ஹூக்ளி ஆற்றில் ஏறி வந்த கடல் வெள்ளத்தில் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டனர். முன்னெச்சரிக்கை தர அன்று அமைப்பு எதுவும் இல்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறையே 1875இல்தான் தோன்றியது.

புனித சவேரியார் கல்லூரியில் அறிவியல் கற்பித்த தந்தை லாஃபோன், 1867இல் கல்லூரிக் கூரைமேல் எளிய வானிலைக் கூடம் ஒன்றை அமைத்தார். காற்றழுத்தமானியைப் பார்ப்பதும் அளவைக் குறிப்பதும் அவரது பணியாயின. கடலில் புயல் நெருங்கும்போது காற்றழுத்தம் குறையும். அவ்வாண்டு நவம்பரில் அந்த வீழ்ச்சியைக் கண்டு, பெரும்புயல் வருகிறதென அதிகாரிகளை எச்சரித்தார். புயலும் வந்தது. அவரது எச்சரிக்கையால் பல உயிர்கள் தப்பின.

அப்போது அவருக்கு வயது 30. சொன்னது பொய்த்திருந்தால் ஊர் நகைத்திருக்கும். ஆயினும் தம் பெயரைவிடப் பிறர் உயிரைப் பெரிதாக எண்ணினார். பின்னாளில் ஜெகதீஷ் சந்திர போஸ் அவரிடம் பயின்றார். 1876இல் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்திற்கும் அவர் துணைநின்றார். நம் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் பின்னர் ஆய்வு செய்தது அங்கேதான். தந்தை லாஃபோன் 1908இல் டார்ஜிலிங்கில் இறைவனடி சேர்ந்தார்.

இன்று நமக்கு அருகிலேயே, காரைக்காலில், டாப்ளர் ரேடார் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடக்கும் முன்பே பல்லாயிரம் பேர் முகாம்களுக்குச் சென்றிருந்தனர். தென்னையும் கூரையும் போயின. 1864ஐப் போன்ற உயிரிழப்பு நேரவில்லை. ஆனால் இடிமழை புயலைப் போல நாள்கணக்கில் நகர்ந்து வருவதில்லை. சில மணி நேரத்தில் மேகம் திரண்டு, ஓர் ஊரில் கொட்டி, அடுத்த ஊரை விட்டுவிடும். எனவே எச்சரிக்கை சில வேளை பொய்ப்பது இயல்பு. மழை வராத நாளில் நாம் கேலி செய்கிறோம். அடுத்த எச்சரிக்கையை அலட்சியம் செய்கிறோம். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

தந்தை லாஃபோன் கூரைமேல் நின்று தம் கடமையைச் செய்தார். கேட்பது நம் கடமை. அடுத்த எச்சரிக்கை வரும்போது, வாய்க்கால் அடைப்பை நீக்குவோமா? தாழ்வான குடிசையில் தனித்திருக்கும் முதியவரின் கதவைத் தட்டுவோமா? பிறரன்பு அந்த வாசலிலிருந்து தொடங்கட்டும்.