உழவர் முதல்வர் ஓமந்தூரார்

இந்தியா விடுதலை பெற்ற 1947 ஆகஸ்டு 15 அன்று சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்தவர் நம் மண்ணில் பிறந்த உழவர் ஒருவர். தமிழகத்தோடு தெலுங்கு, கன்னட, மலையாளப் பகுதிகளும் சேர்ந்திருந்த பெரிய மாகாணம் அது. அதன் தலைமையில் அமர்ந்த அவ்வுழவர்தாம் ஓமந்தூர் பி. இராமசாமி ரெட்டியார். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895 பிப்ரவரி 1 அன்று, நிலமுடைய வேளாண் குடும்பத்தில் அவர் பிறந்தார்.

அவர் இளமைக் காலத்துச் சிற்றூர் வாழ்வை நான் நூல்களில் படித்தது சிறிது. எங்கள் ஆயாவிடம் கேட்டதே மிகுதி. தம் மாமனார் சொன்னவற்றை ஆயா எங்களுக்குச் சொல்வார். மழைக்காலத்துக்கு முன்பு வீட்டுக்கு ஓர் ஆளாக மண்வெட்டியும் கூடையுமாக ஏரிக்கரையில் கூடுவார்கள். கரையை உயர்த்துவார்கள், மதகையும் வரத்துக் கால்வாயையும் செப்பனிடுவார்கள். இதற்குக் குடிமராமத்து என்று பெயர். கூலி கிடையாது, வராத வீட்டுக்குத் தண்டம் உண்டு. ஏரி நிறைந்தபின் வயலுக்கு வயல் முறைவைத்துத் தண்ணீர் விடுவதற்கு ஊரார் ஓர் ஆளை அமர்த்துவார்கள். முறை தவறி மடை திறந்தவன் எத்துணைப் பெரிய நிலக்காரனாயினும் ஊர்க்கூட்டத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும். ஊர்ப் பொதுப்பணத்தின் கணக்கும் அவ்வாறே எல்லார் முன்னிலையிலும் படிக்கப்படும்.

ஏரிப் பாசனத்தில் நெல், கவலை இறைத்துக் கேழ்வரகு, மானாவாரியில் மல்லாட்டை. தென்னார்க்காட்டு மல்லாட்டை மாட்டுவண்டியில் புதுச்சேரி சென்று, அங்கிருந்து கப்பலேறிப் பிரான்சு நாட்டு எண்ணெய் ஆலைகளுக்குப் போன காலம் அது. அறுவடை முடிந்தால் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து. விடிய விடிய ஊரே விழித்திருக்கும்.

இவ்வளவையும் பெருமையாகச் சொல்லும் ஆயா, மறுபக்கத்தையும் மறைத்ததில்லை. ஏரிக்கு மண் சுமந்தவர்களில் சேரி மக்களும் உண்டு. ஆனால் அவர்கள் ஊர்க்கிணற்றில் நீர் எடுக்கலாகாது, கோயிலுக்குள் நுழையலாகாது. உழைப்பில் பொதுவாக இருந்த ஊர், உரிமையில் இரண்டாக இருந்தது.

இத்தகைய ஊர்வாழ்வின் நடுவே வளர்ந்தவர் ஓமந்தூரார். அதன் நன்மையைக் கோட்டைக்குக் கொண்டு சென்றதும், அதன் தீமையைச் சட்டத்தால் ஒழிக்க முனைந்ததுமே அவர் பொதுவாழ்வு என்பது என் துணிபு.

திண்டிவனம் வால்டர் ஸ்கடர் பள்ளியில் பயின்ற அவர், காந்தியடிகளின் வழியில் விடுதலைப் போரில் இறங்கிச் சிறை சென்றார். இரமண மகரிஷியிடம் பக்தியும் வள்ளலார் நெறியில் பற்றும் உடையவர். பதவியை நாடாத அவரைத் தேடியே பதவி வந்தது. 1947 மார்ச்சு 23 அன்று டி. பிரகாசத்துக்குப் பின் அவர் முதல்வரானார்.

அவர் ஆட்சி ஈராண்டுகளே நீடித்தது. அதற்குள் செய்தவை பல. கோயில் கதவுகளை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்ட ஆலய நுழைவுச் சட்டமும், பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடுத்த தேவதாசி ஒழிப்புச் சட்டமும் 1947இல் வந்தன. அரசுக்கும் உழவனுக்கும் இடையே நின்ற ஜமீன்தாரி முறையை ஒழிக்கும் சட்டம் 1948இல் நிறைவேறியது. அவ்வாண்டு அக்டோபர் 2 முதல் மதுவிலக்கு மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. பாரதியாரின் படைப்புகளைத் தனியார் உடைமையிலிருந்து மீட்டு மக்கள் சொத்தாக்கும் பணியும் அவர் ஆட்சியில் 1949இல் தொடங்கியது.

சட்டங்களைவிட அரியது அவருடைய நேர்மை. நிருவாகத்தில் கட்சிக்காரர் தலையிடுவதை அவர் ஒப்பவில்லை. சிபாரிசுகளுக்கு இணங்கவில்லை. ஏரித் தண்ணீரில் தனியுரிமை கொண்டாட முடியாதது போல அரசுப் பதவியிலும் கொண்டாடலாகாது என்பதே அவர் நடந்து காட்டிய நெறி. அதன் விலையை அவர் கொடுத்தார். சொந்தக் கட்சியினர் பலர் அவர்மேல் மனத்தாங்கல் கொண்டனர். 1949 ஏப்ரல் 6 அன்று ஆட்சி குமாரசாமி ராஜாவிடம் சென்றது. சிபாரிசுக்கு இணங்கியிருந்தால் பதவியில் நீடித்திருக்கலாம். நீடித்திருப்பவர் ஓமந்தூராராக இருந்திருக்கமாட்டார்.

பதவியை விட்டவர் வள்ளலாரின் வடலூருக்குச் சென்றார். அங்கே குருகுலப் பள்ளியும் ஆதரவற்றோர்க்கு நிலையமும் நிறுவினார். துறவியைப் போல் எளிமையாக வாழ்ந்து, 1970 ஆகஸ்டு 25 அன்று மறைந்தார்.

சென்னையில் ஓமந்தூரார் அரசினர் தோட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அவருடைய உண்மையான நினைவுச்சின்னம் நம் ஊர்களில்தான் எழ வேண்டும். ஆலய நுழைவுச் சட்டம் வந்து 76 ஆண்டுகள் சென்றபின், 2023 ஜூன் மாதம், நம் விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில், பட்டியலின மக்களின் வழிபாட்டுரிமை குறித்த பிணக்கால் அதிகாரிகளால் பூட்டி முத்திரையிடப்பட்டது. ஓமந்தூரார் தொடங்கிய பணி அவர் பிறந்த மாவட்டத்திலேயே முற்றுப்பெறவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நண்பர்களே! நம்மில் பலர் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். படித்துப் பட்டம் பெற்று நாளை அலுவலகங்களில் அமரப் போகிறவர்கள். சிபாரிசுக் கடிதம் நம் மேசைக்கு வரும் நாளும், ஊர்க்கோயில் வாசலில் எவரேனும் தடுக்கப்படும் நாளும் வரத்தான் செய்யும். அன்று நாம் எப்பக்கம் நிற்கிறோம் என்பதே, ஓமந்தூரார் மண்ணில் பிறந்தோம் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டா என்பதை முடிவு செய்யும்.