நுண்பாசி கொடுத்து இறால் வளர்த்தவர்: மோட்டோசாகு புஜினாகா

சினை நண்டைப் பிடித்தால் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் கரையோரங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு. ஒரு தாய் நண்டு இலட்சக்கணக்கான முட்டைகளைச் சுமக்கிறது. அப்படியானால் அந்த முட்டைகளைத் தொட்டியில் பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்த்தெடுக்க முடியாதா? பொரிக்க வைப்பது பெரிய காரியமல்ல. பொரித்து வரும் குடம்பிகளுக்கு எதை உண்ணக் கொடுப்பது என்பதுதான் சிக்கல். இறால் குடம்பிகளை வைத்து இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் யப்பானிய விஞ்ஞானி மோட்டோசாகு புஜினாகா. இன்றைய நண்டுப் பொரிப்பகங்களும் அவர் போட்ட பாதையில்தான் நடக்கின்றன.

1903ஆம் ஆண்டு பிறந்த புஜினாகா டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். படிப்பை முடித்ததும் ஒரு மீன்பிடிக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். யப்பானியர் விரும்பி உண்ணும் குருமா இறாலை 1934இல் தொட்டியில் முட்டையிட வைத்துப் பொரிக்கச் செய்தார்.

ஆனால் பொரித்த குடம்பிகள் தொடர்ந்து செத்துக்கொண்டிருந்தன. முட்டையிலிருந்து வெளிவரும் குடம்பி, உடலில் மிஞ்சிய மஞ்சட்கருவை வைத்து ஏறத்தாழ ஒன்றரை நாள் தாக்குப்பிடிக்கும். பின்னர் சோயியா என்ற பருவத்துக்கு மாறும்போது முதன்முறையாக வாய் திறந்து உண்ணத் தொடங்குகிறது. அப்போது அதன் நீளம் ஒரு மில்லிமீற்றர் அளவுதான். அந்த நேரத்தில், அந்த வாய்க்குள் போகும் அளவில் உணவு தண்ணீரில் மிதக்காவிட்டால் முழுத் தொட்டியும் அழிந்துவிடும்.

விடை கடலிலேயே இருந்தது. ஸ்கெலட்டோனிமா என்ற நுண்பாசி, கண்ணாடி போன்ற ஓடுள்ள கலங்கள் சங்கிலியாகக் கோர்த்துக்கொண்டு மிதப்பது. மட்சுவே என்ற யப்பானிய ஆய்வாளர் அதைத் தனியே பிரித்து வளர்த்திருந்தார். புஜினாகா அதைச் சோயியாக்களுக்குக் கொடுத்தபோது அவை பிழைத்து அடுத்த பருவத்துக்குப் போயின. முட்டை முதல் வளர்ந்த இறால் வரையிலான முழு வாழ்க்கையையும் விவரித்த அவருடைய ஆய்வு, உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942இல் வெளியானது.

போருக்குப் பின்னர் அவர் அரசாங்கத்தின் மீன்பிடி முகவரகத்தில் பணியாற்றினார். ஐம்பது வயது கடந்த பின் அந்த வேலையை விட்டு விலகி, மீண்டும் இறால் தொட்டிகளிடம் வந்தார். செட்டோ உள்நாட்டுக் கடலோரத்தில் கைவிடப்பட்ட உப்பளங்கள் இறால் குளங்களாக மாறின. 1960களில் அவரும் கூட்டாளிகளும் முறையையே எளிதாக்கினார்கள். பாசியைத் தனியாக வளர்த்து ஊற்றுவதை விட்டு, குடம்பிகள் இருக்கும் பெரிய தொட்டியிலேயே உரச்சத்தைக் கரைத்தார்கள். வெயிலில் பாசி பெருகியது. உணவும் குடம்பியும் ஒரே தண்ணீரில் வளர்ந்தன. அவரிடம் பயின்ற தாய்வான் நாட்டு ஐ-சியு லியாவ், 1968இல் எங்கள் கடலிலும் உள்ள கறுப்புப் புலி இறாலைப் பொரிப்பகத்தில் வளர்த்துக் காட்டினார். புஜினாகா 1973இல் காலமானார்.

நண்டுக்கு வரும்போது இன்னுமொரு படி கூடுகிறது. நண்டுச் சோயியா இரை பிடித்து உண்பது. பாசி மட்டும் அதற்குப் போதாது. ரொட்டிபர் என்ற நுண்ணிய விலங்கையும் ஆர்ட்டீமியாக் குஞ்சுகளையும் கொடுக்கிறார்கள். ரொட்டிபர் வளர்வது நுண்பாசியைத் தின்று. பாசியின் கொழுப்புச் சத்துத்தான் ரொட்டிபர் வழியாக நண்டுக்குப் போகிறது. பாசி கெட்டால் நண்டும் கெடும்.

இந்த அறிவுக்கு இன்னொரு முகமும் உண்டு. பொரிப்பகக் குஞ்சுகள் தாராளமாகக் கிடைத்தபின், ஆசியாவின் பல கரையோரங்களில் கண்டல் காடுகளை வெட்டி இறால் பண்ணைகள் போட்டார்கள். புத்தளத்துப் பண்ணைகளை வெண்புள்ளி நோய் வாட்டியதை நாம் அறிவோம். யப்பானில் இதே முறை வேறொன்றுக்கும் பயன்பட்டது: இறால் குஞ்சுகளையும் நண்டுக் குஞ்சுகளையும் வளர்த்து, மீனவர்கள் பிடிப்பதற்காகக் கடலில் விட்டார்கள்.

வடக்கின் நண்டு இன்று ஏற்றுமதிப் பொருள். கரையில் பல குடும்பங்களின் அடுப்பு அதை நம்பி எரிகிறது. கடலில் இருந்து எடுப்பதை மட்டுமே தெரிந்து வைத்திருந்தால் ஒருநாள் வலை வெறுமையாக வரும். திருப்பிக் கொடுக்கவும் பழக வேண்டும் என்றால், ஒரு கைப்பிடி தண்ணீரில் மிதக்கும் பாசியில் இருந்துதான் தொடங்க வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள புஜினாகாவுக்கு ஒரு வாழ்நாள் பிடித்தது. நாம் அந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.